லினக்ஸ் பூட் பெங்குவினை மாற்றிப் பார்த்த அனுபவம்: கர்னலுக்குள் ஒரு குட்டி நீலப் பறவை

லினக்ஸ் கணினியை இயக்கியதும் திரையின் இடது மேல்மூலையில் பெங்குவின்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவற்றின் கீழே எழுத்துகள் சரசரவென்று ஓடும். பழைய ஆட்களுக்கு இது பழகிய காட்சி. இப்போது உபுண்டு, ஃபெடோரா என்று நிறுவுகிறவர்கள் இதைப் பார்க்கவே வாய்ப்பில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் வரும், ஒரு வட்டம் சுழலும், நேராக உள்நுழைவுத் திரை வந்துவிடும்.

ஆனால் அந்தப் படம் எங்கும் போய்விடவில்லை, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் மூல நிரலோடு இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை மறுபடி திரைக்குக் கொண்டுவர வேண்டும், அப்புறம் அதன் இடத்தில் நானே வரைந்த ஒரு பெங்குவினை உட்கார வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பாதிக்கு மேல் கைகூடிவிட்டது. இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

எந்தப் பெங்குவின் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. 1996ல் லினக்ஸுக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று கர்னல் எழுதுகிறவர்களிடையே பேச்சு நடந்தபோது, சுறா, கழுகு என்று வீரமான விலங்குகளைத்தான் பலர் முன்வைத்தார்கள். லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் தனக்குப் பெங்குவின் பிடிக்கும் என்று சொன்னதும் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. அதுவும் எப்படிப்பட்ட பெங்குவின்? வயிறு முட்ட மீன் தின்றுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் குண்டுப் பெங்குவின். டக்ஸ் என்று பெயர் பெற்ற அதை வரைந்து கொடுத்தவர் லாரி யூயிங். அவர் பயன்படுத்தியது கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளின் 0.54 பதிப்பு. அந்தப் பதிப்பில் லேயர், அதாவது படத்தை அடுக்குகளாகப் பிரித்து வரையும் வசதிகூட இல்லை. இன்றைக்கு யாராவது லேயர் இல்லாமல் ஒரு படம் வரைந்து பார்த்தால் அந்த உழைப்பின் அளவு புரியும். தன் பெயரையும் கிம்ப்பையும் யாராவது கேட்டால் சொன்னால் போதும், படத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் கொடுத்த அனுமதிதான் டக்ஸை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

டோர்வால்ட்ஸுக்குப் பெங்குவின் மேல் பிரியம் வந்த கதையில் வேறொரு பறவை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள விலங்குக் காட்சியகத்தில் ஒரு சின்னப் பெங்குவின் (லிட்டில் பெங்குவின் என்ற இனம்) தன்னைக் கொத்தியதாக அவரே சொல்லியிருக்கிறார். பெங்குவின் வகைகளிலேயே சிறியது அதுதான். உயரம் சுமார் 33 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். தெற்கு ஆஸ்திரேலியக் கரைகளிலும் நியூசிலாந்திலும் வாழ்கிறது. அதன் முதுகு கறுப்பில்லை, நீலம். கொத்திய பறவைக்குக் கர்னலில் இடமே கிடைக்கவில்லையே என்று எனக்கு எப்போதும் ஒரு குறை. அதைத்தான் வரைவது என்று முடிவு செய்தேன். நடைமுறையிலும் இது நல்ல தேர்வு. பூட்டின்போது எழுத்துகள் ஓடும் கன்சோல் திரை கறுப்பு. அதில் கறுப்பு முதுகுள்ள அடேலிப் பெங்குவினை வரைந்தால் முதுகு இருட்டில் கரைந்துபோய் வயிறு மட்டும் தெரியும். நீல முதுகு தனியாக எடுத்துக் காட்டும்.

சரி, படம் எங்கே இருக்கிறது? கர்னல் மூல நிரலில் டிரைவர்ஸ் அடைவுக்குள் வீடியோ, அதற்குள் லோகோ. அங்கே டக்ஸ் மூன்று விதமாக இருக்கிறது: கறுப்பு வெள்ளை, 16 நிறம், 224 நிறம். கூடவே சன், எஸ்ஜிஐ, பிஏ-ரிஸ்க் போன்ற பழைய கணினி வகைகளுக்கான தனித்தனி லோகோக்களும் இருக்கின்றன. அந்த அடைவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதே ஒரு சுகம். நமக்கு வேண்டியது 224 நிறக் கோப்பு. அகலம் 80 பிக்சல், உயரம் 80 பிக்சல். வடிவம் பிபிஎம், அதிலும் எழுத்து வடிவப் பிபிஎம். அதாவது அது வெறும் உரைக் கோப்பு. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். 6,400 பிக்சல், ஆக 19,200 எண்கள். நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

எதற்கு 256 இல்லாமல் 224 என்ற கேள்வி எனக்கு முதலிலேயே வந்தது. நிறப் பட்டியலில் மொத்தம் 256 இடங்கள். அதில் முதல் 32 இடங்களை லோகோ தொடாது. கன்சோல் எழுத்துகளுக்கான 16 நிறங்கள் அங்கேதான் இருக்கின்றன. மிச்சம் 224. கர்னல் கம்பைல் ஆகும்போது, அதாவது மூல நிரல் இயங்கும் வடிவத்துக்கு மாறும்போது, பிஎன்எம்-டு-லோகோ என்ற சின்ன நிரல் ஓடி, நம் படத்தை சி மொழி வரிசையாக மாற்றுகிறது. அப்போது ஒவ்வொரு நிற எண்ணோடும் 32ஐக் கூட்டிக்கொள்கிறது. அந்த நிரல் ரொம்பச் சின்னது, நிதானமாக உட்கார்ந்தால் முழுதாகப் படித்துவிடலாம். நான் படித்தேன், அதனால் மற்ற எல்லாமே சுலபமாகிவிட்டது.

வரைந்தது கிம்ப்பில்தான். டக்ஸ் பிறந்த இடத்திலேயே என் பறவையும் பிறந்ததில் மகிழ்ச்சி. 80க்கு 80 கட்டத்தில் பின்புலம் முழுக்கக் கறுப்பு. தூரிகையை எடுக்காமல் பென்சில் கருவியை எடுத்தேன். தூரிகை ஓரங்களை மிருதுவாக்கும், அப்போது இடைநிறங்கள் பெருகும், 224ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கம்பைல் அங்கேயே நின்று, நிறங்களைக் குறைத்துக் கொண்டுவா என்று சொல்லிவிடும். முதுகுக்கு நீலத்தில் ஐந்து சாயல்கள், விளிம்பில் மட்டும் சாம்பல் கலந்த வெளிர்நீலம். வயிறு தூய வெள்ளையாக இருந்தால் திரையில் கண்ணைக் குத்துகிறது, கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை நன்றாக உட்காருகிறது. அலகு கறுப்பு என்பதால் அதன் மேல்விளிம்பில் ஒரு பிக்சல் தடிமனுக்குச் சாம்பல் கோடு இழுத்தேன், இல்லாவிட்டால் அலகே இல்லாத பறவையாகத் தெரியும்.

அதிக நேரம் கண்ணுக்குத்தான் போனது. இந்த அளவுப் படத்தில் கண் என்பது நான்கைந்து பிக்சல். அதில் ஒரே ஒரு வெள்ளைப் பிக்சலை இடது மேலே வைத்தால் பறவை நம்மைப் பார்க்கிறது, அதையே நடுவில் வைத்தால் பயந்துபோன பறவையாகிவிடுகிறது. ஒரு பிக்சலில் முகபாவம் முழுக்க மாறுவதை இதற்கு முன் நான் இவ்வளவு கிட்டத்தில் கவனித்ததில்லை.

முடித்ததும் படத்தை 224 நிற இன்டெக்ஸ் முறைக்கு மாற்றி, பிபிஎம்மாக ஏற்றுமதி செய்ய வேண்டும். அப்போது வரும் பெட்டியில் ஆஸ்கி என்பதைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். பைனரிக் கோப்பைக் கர்னலின் கருவி ஏற்காது. அப்புறம் அதே பெயரில் பழைய கோப்பின் மேல் வைத்துவிட்டால் போதும்.

நேராகச் சொந்த மடிக்கணினியில் சோதிக்காமல் க்யூஎமு மெய்நிகர் கணினியில் ஆரம்பித்தேன். கர்னலை மட்டும் நேரடியாகக் கொடுத்து இயக்கலாம், மறுதொடக்கம் செய்யும் வேலை இல்லை. அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான பிஸிபாக்ஸை வைத்து, பூட்டின்போது நினைவகத்தில் ஏறும் சிறிய கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் ஒன்றைக் கட்டிக்கொண்டால், கடைசியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய ஒரு ஷெல்லும் கிடைக்கும். கர்னலில் எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் டிவைஸ் டிரைவர்ஸ், கிராஃபிக்ஸ் சப்போர்ட், அதற்குள் பூட்டப் லோகோ. இதைப் போட்டதோடு க்யூஎமுவின் திரைக்கான பாக்ஸ் டிரைவரை, பிறகு தனியாக ஏறும் மாட்யூலாக இல்லாமல் கர்னலுக்குள்ளேயே சேர்த்தேன். நட்சத்திரக் குறி வர வேண்டும், எம் என்று இருக்கக் கூடாது. காரணம் கீழே வருகிறது.

நான்கு கோர் (செயலிக் கருக்கள்) கொடுத்து இயக்கினேன். நான்கு நீலப் பெங்குவின்கள்! எழுத்துகள் அவற்றின் கீழே ஓடுகின்றன, பறவைகள் அசையாமல் மேலே இருக்கின்றன. லோகோ இருக்கும் வரிகளைக் கன்சோல் ஒதுக்கி வைத்துவிட்டு அதற்குக் கீழேயுள்ள பகுதியை மட்டும் உருட்டுகிறது.

ஒரு கோருக்கு ஒரு பெங்குவின் என்பது பலருக்குத் தெரியும். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் நான்கு பழங்கள் வருவதும் இதே கணக்குதான், அங்கே பெங்குவினுக்குப் பதில் ராஸ்பெரிப் படத்தை வைத்திருக்கிறார்கள். ஆனால் கோர்கள் நிறைய இருந்தால் என்ன ஆகும்? நிரலைப் பார்த்தேன். விழித்திருக்கும் செயலிகளின் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு சுற்று ஓடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவே 8 பிக்சல் இடைவெளி. அடுத்த படம் முழுதாகத் திரைக்குள் அடங்காது என்றால் வரைவதை நிறுத்திவிடுகிறது. அப்படியானால் 640 பிக்சல் அகலத் திரையில் ஏழாவது பறவை 608ல் முடியும், எட்டாவதுக்கு 696 வேண்டும், இடமில்லை. எட்டு கோர் கொடுத்து, திரையை 640க்கு 480 என்று வைத்து இயக்கினேன். சரியாக ஏழு! காகிதத்தில் போட்ட கணக்கு திரையில் அப்படியே நிற்பதைப் பார்க்கும் சந்தோஷமே தனி.

எண்ணிக்கையை நாமே சொல்லவும் வழி உண்டு. கர்னல் கட்டளை வரியில் திரைக் கன்சோலுக்கான எஃப்பிகான் அளவுருவுக்கு லோகோ-கவுண்ட் என்று கொடுத்து மூன்று என்றால் மூன்று வரும், லோகோ-பாஸ் சென்டர் என்றால் பறவைகள் திரையின் நடுவுக்கு வந்துவிடும். எனக்கு இடது மூலைதான் பிடித்திருக்கிறது.

அடுத்தது மடிக்கணினி. அதில் நிறுவியிருந்த லினக்ஸ் தொகுப்பின் (டிஸ்ட்ரோவின்) கான்ஃபிக் கோப்பையே எடுத்து, லோகோவை மட்டும் சேர்த்துக் கம்பைல் செய்து நிறுவினேன். பறவையைக் காணவில்லை. தேடியதில் மூன்று தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்த கொயட் என்ற அளவுரு. செய்திகளை அடக்கச் சொன்னால் லோகோவும் வராது. பூட் மெனுவான கிரப்பில் அதை நீக்கினேன். இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. கணினித் தயாரிப்பாளரின் சின்னம் திரையில் அப்படியே நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காக, முதல் எழுத்து வரும்வரை கன்சோல் திரையைக் கைப்பற்றாமல் காத்திருக்கும் வசதி கர்னல் 4.19 பதிப்பிலிருந்து இருக்கிறது. பெயர் டிஃபர்டு டேக்ஓவர். இது வேலை செய்யும்போது லோகோ வரைவது கைவிடப்படுகிறது. எஃப்பிகானுக்கு நோடிஃபர் என்று கொடுத்தால் அணைந்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். லோகோப் படம் கர்னலின் தொடக்க நினைவகத்தில் மட்டும் இருக்கும். 6,400 பைட் படம், அதோடு 672 பைட்டுக்குள் அடங்கும் நிறப் பட்டியல், மொத்தம் ஏழு கிலோபைட்தான். ஆனாலும் பூட் முடிகிற நேரத்தில், இனி தேவையில்லாத தொடக்க நினைவகத்தை விடுவிக்கிறேன் என்று கர்னல் ஒரு வரி எழுதும் அல்லவா, அதோடு பெங்குவினும் போய்விடுகிறது. திரை டிரைவர் மாட்யூலாக இருந்தால் அதற்கப்புறம்தான் ஏறும். அப்போது வரைய படமே இருக்காது. பாக்ஸ் டிரைவரை உள்ளேயே சேர்த்தது இதற்காகத்தான்.

மடிக்கணினியில் இருப்பது இன்டெல் திரை, அதன் ஐ915 டிரைவர் மாட்யூல். இப்போதைக்கு அதைத் தொடாமல், ஃபர்ம்வேர் (கணினிக்குள்ளேயே வரும் அடிப்படை மென்பொருள்) தந்த திரையிலேயே வேலை செய்யும் சிம்பிள்டிஆர்எம் டிரைவரை மட்டும் உள்ளே சேர்த்தேன். பலன் கிடைத்தது. பறவைகள் வருகின்றன, கோருக்கு ஒன்றாக வரிசையாக நிற்கின்றன. சில நொடிகளில் ஐ915 ஏறித் திரையை எடுத்துக்கொள்கிறது, பறவைகள் மறைந்துவிடுகின்றன. எனக்கு இது போதவில்லை, உள்நுழைவு வரி வரும்வரை அவை நிற்க வேண்டும்.

இடையில் ஒரு தகவல். கர்னலின் பெங்குவினை மாற்றுவது எனக்கு மட்டும் வந்த ஆசை இல்லை, டோர்வால்ட்ஸே ஏற்று வெளியிட்டிருக்கிறார். 2009ல் வந்த 2.6.29ல் டக்ஸுக்குப் பதில் டஸ் என்ற டாஸ்மேனியன் டெவில் இருந்தது. முகத்தில் வரும் தொற்றுக் கட்டியால் அந்த விலங்கினம் அழிந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிய விழிப்புக்காக, ஹோபார்ட்டில் நடந்த லினக்ஸ் மாநாட்டின் சின்னத்தை ஒரு பதிப்புக்கு மட்டும் வைத்தார்கள். அடுத்த பதிப்பில் டக்ஸ் திரும்பிவிட்டது. 80 பிக்சல் படத்தை இதைவிட நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ஐ915ஐயும் கர்னலுக்குள்ளேயே சேர்த்துப் பார்க்கப் போகிறேன். அதற்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகளையும் கர்னலோடு கட்ட வேண்டும். அது முடிந்ததும் 6.10ல் வந்த புதிய பேனிக் திரை. கர்னல் நிலைகுலைந்தால் காட்டும் அந்தத் திரையிலும் புள்ளி, கோடு, அடைப்புக்குறிகளால் கட்டிய ஒரு டக்ஸ் இருக்கிறது. சின்னப் பெங்குவினை எழுத்துகளால் மட்டும் கட்ட முடியுமா என்று கட்டம் போட்ட தாளில் வரைய ஆரம்பித்திருக்கிறேன். அலகு வந்துவிட்டது, துடுப்புகள் இன்னும் சரியாக வரவில்லை.