ஆம்னியில் பொங்கிய மாவு

கரூர் போய் வந்து மூன்று நாளாகிறது. வண்டிக்குள் தலையை விட்டால் இன்னும் புளித்த மாவு வாடைதான்.

கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவர்கள் தாம்பாளத் தட்டோடு போவார்கள். எங்கள் அம்மா ஒரு குண்டான் நிறைய இட்லி மாவோடு கிளம்பினாள். சித்தி வீட்டுக் கிரைண்டர் மேல் நம்பிக்கை இல்லையாம். காலை ஆறு மணிக்கே ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து, குண்டான் வாயில் துண்டைக் கட்டி, "ராத்திரி அங்க புளிச்சுக்கும், காலைல ஊத்திக்கலாம்" என்று கணக்கும் போட்டுவிட்டாள். வண்டி மாருதி ஆம்னி வேன் என்பது மட்டும் கணக்கில் வரவில்லை.

ஆம்னிக்கு என்ஜின் முன் சீட்டுக்கு அடியில். 796 சிசி, மூன்று சிலிண்டர், அவ்வளவும் ஓட்டுகிறவர் பிட்டத்துக்குக் கீழே. மே மாதத்தில் அந்த சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு பக்கம் வெந்து, திருப்பிப் போடுகிற பதம் வந்துவிடும். அப்பாவுக்குப் பழகிவிட்டது. குண்டானுக்கு? ஆடாமல் இருக்கட்டும் என்று அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே அண்டக்கொடுத்து வைத்திருந்தாள் அம்மா. ஐந்து பேர் வண்டியில் எட்டுப் பேர், குண்டானைச் சேர்க்காமல்.

திருச்சியிலிருந்து கரூர் எண்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் குளித்தலையில் அத்தை வீடு இருக்கிறதே, சாப்பிடாமல் தாண்ட முடியுமா? கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு, வாழை இலை, மோர், ஒரு தூக்கம்.

திரும்ப ஏறியபோதே துண்டு கொஞ்சம் உப்பலாகத்தான் இருந்தது. யார் கவனித்தோம்! கிருஷ்ணராயபுரம் தாண்டியதும் பைக்கில் ஒரு தம்பி ஒட்டிக்கொண்டே வந்து கையை ஆட்டினான். சினிமாவில் ஆளைக் கடத்துகிற வண்டி என்பதால் எங்களைப் பார்த்துக் கை காட்டுகிறவர்கள் உண்டு, நாங்கள் கண்டுகொள்வதில்லை. அவன் விடவில்லை. "அண்ணே, கதவுல பால் ஒழுகுது!"

பார்த்தால் சித்தப்பா செருப்பு கணுக்கால் வரை வெள்ளை. துண்டைத் தள்ளிக்கொண்டு நுரை நுரையாகப் பொங்கி, சீட்டுக்கடியில் பாய்ந்து, இழுக்கிற கதவின் தண்டவாளத்துக்குள் இறங்கியிருந்தது. கதவு அசையவில்லை. எட்டுப் பேரும் முன் கதவு வழியாக ஒவ்வொருவராக நெளிந்து இறங்கினோம், சித்தப்பாவைத் தவிர. அவரைப் பின்கதவு வழியாக உருவினோம்.

"ஏங்க, பாதி மாவு இருக்குல்ல?" இதுதான் அம்மாவின் முதல் கேள்வி.

இருந்தது. மறுநாள் இட்லி பஞ்சு மாதிரி வந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல். அடுத்த விசேஷத்துக்கும் மாவை அதே வண்டியில் கொண்டு வரச் சொல்லி சித்தி உத்தரவு.

இந்த மாடலையே 2019-இல் நிறுத்திவிட்டார்கள், நாமும் நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லாத நாளில்லை. 2008 வண்டி. பதினைந்து வருஷம் முடிந்ததும் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆர்சியை 2028 வரை புதுப்பித்து வந்துவிட்டார். நேற்று விடியற்காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதவின் தண்டவாளத்தில் காய்ந்த மாவை டூத்பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டிருந்தார், குழந்தைக்குக் காது குடைகிற பக்குவத்தில். பார்க்க ஒரு மாதிரி ஆகிவிட்டது, பக்கெட்டில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

பல் தேய்க்கப் போனபோதுதான் தெரிந்தது, அது என் பிரஷ்.