டேக் படித்தது சரி, பெட்டி நகர்ந்ததா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிடங்குகளில் ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர் பொருத்துவது என் தொழில். பெட்டியில் ஒட்டிய டேக் என்ற சிறு சிப்பின் எண்ணை, தொடாமலேயே ரேடியோ அலையால் படிக்கும் கருவி அது. கார் உதிரிபாகம், டயர், கூலன்ட் கேன் என்று எது லாரியில் ஏறினாலும், எந்த வாசல் வழியாக எப்போது ஏறியது என்பது கம்ப்யூட்டரில் பதிவாக வேண்டும். இந்தத் தொழிலில் என்னை விடாமல் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ரீடர் ஒரு டேக்கைப் படித்துவிட்டால் அந்தப் பெட்டி வாசலைத் தாண்டிவிட்டது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் லோடுமேன்தான்.

உங்கள் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகும் நாங்கள் அட்டைப்பெட்டியில் ஒட்டும் டேக்கும் ஒரே வகை. இரண்டிலும் பேட்டரி கிடையாது. ரீடர் வீசும் ரேடியோ அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. பதில் சொல்லும்போதும் சொந்தமாக அலை எதையும் அது உண்டாக்குவதில்லை. வந்த அலையைத் திருப்பி அனுப்பும் அளவை மாற்றி மாற்றியே தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது. (இப்படித் திரும்பி வரும் அலை வழியாகத் தகவல் அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948-லேயே எழுதிவிட்டார். இன்று படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.) இந்தியாவில் இதற்கு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-ல் அனுமதி கிடைத்தது.

திறந்த வெளியில் நல்ல டேக் எட்டு, பத்து மீட்டர் தூரத்திலும் படிக்கும். விற்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். கிடங்கு வாசலில் இதுவே தலைவலி. வாசலின் அகலம் மூன்று மீட்டர்கூட இருக்காது, பக்கத்திலேயே அடுத்த வாசல். நடுவில் இன்னும் ஏற்றாத பேலட்டுகள், அதாவது பெட்டிகளை அடுக்கிய பலகைத் தட்டுகள், வரிசையாக நிற்கும். ஃபோர்க்லிஃப்ட் குறுக்கே போகும்போது அதன் முன்பக்க இரும்புத் தூணில் பட்டுத் தெறிக்கும் அலை, ஓரமாக நிற்கும் பேலட்டையும் எழுப்பிவிடும். உடனே கணக்கில் அது ‘ஏற்றியாயிற்று’ ஆகிவிடும்.

ஒரு கிடங்கில் லோடுமேன் ஒருவர் என்னைத் தேடி வந்து சொன்னார்: “சார், நான் ஏத்தவே இல்ல. மிஷின்தான் ஏத்திட்டேன்னு சொல்லுது. சரக்கு குறையுதுன்னு என் கூலில பிடிப்பேங்கிறாங்க.”

“வெச்ச எடத்தக் காட்டுங்கண்ணே” என்றேன். காட்டினார். ஷட்டர் ஓரத்தில் பிளாஸ்டிக் சுற்றியபடி பேலட் அப்படியே நின்றது. அந்த மனிதர் பக்கம் முழு நியாயம் இருந்தது. ஆனால் அதை நிரூபிக்க அவர் கையில் எதுவும் இல்லை. எங்கள் ரீடரிடம் இருந்தது, யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்படிப் புகார் வந்தால் வழக்கமாகச் செய்வது ரீடரின் பவரைக் குறைப்பது. குறைத்தால் ஓரத்துப் பேலட் ரீடரில் பதிவாகாது, உண்மைதான். கூடவே, உள்ளே போகும் பேலட்டின் நடுவில் இருக்கும் பெட்டிகளும் பதிவாகாது. இன்ஜின் ஆயில் கேன்களாவது அலையை ஓரளவு விட்டுவிடும். கூலன்டில் தண்ணீர் இருப்பதால் அது அலையை விழுங்கிவிடும். அடுத்த யோசனை, சிக்னல் எது பலமாக வருகிறதோ அதுவே பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வது. இரும்பு ரேக்கும் லாரியின் தகரச் சுவரும் உள்ள இடத்தில் இதை நம்ப முடியாது. நேராக வரும் அலையும் தெறித்து வரும் அலையும் ஓரிடத்தில் சேர்ந்து பலமாகும், ஒரு சாண் தள்ளினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நாலு மீட்டர் தள்ளி நிற்பது இரண்டு மீட்டரில் இருப்பதைவிடப் பலமாகக் கேட்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

நான் நம்புவது அலையின் கட்டத்தை. திரும்பி வரும் அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே கட்டம். நாங்கள் பேச்சில் ஃபேஸ் என்போம். 866 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 34.6 செ.மீ. அலை டேக்குக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பதால், டேக் அதில் பாதி, அதாவது 17.3 செ.மீ. நகர்ந்தாலே கட்டம் 360 டிகிரி முழுச் சுற்று சுற்றிவிடும். ஒரு செ.மீ. நகர்ந்தால் ஏறக்குறைய 20 டிகிரி மாற்றம். ஓரளவு நல்ல ரீடர் இதைத் தெளிவாகப் பார்த்துவிடும். சிப்புக்குச் சிப், கேபிளுக்குக் கேபிள் ஒரு நிலையான கூடுதல் கட்டம் சேரத்தான் செய்யும். ஒரு வாசிப்புக்கும் அதே டேக்கின் அடுத்த வாசிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் அது கழிந்துவிடும்.

கன்வேயரில் இதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். பெட்டி ஆன்டெனாவை நோக்கி வரும்போது தூரம் குறைகிறது, நேர் எதிரே வரும்போது மிகக் குறைவு, தாண்டிய பிறகு கூடுகிறது. சுற்றிச் சுற்றி வரும் கட்டத்தை நீட்டி ஒட்டி வரைந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பள்ளம் கிடைக்கும். பள்ளத்தின் அடி எந்த நொடியில் விழுகிறதோ, அந்த நொடியில் பெட்டி ஆன்டெனாவுக்கு நேரே இருந்தது. பத்துப் பெட்டி நெருக்கமாக வந்தாலும், அடிகளை வரிசைப்படுத்தினால் பெட்டிகளின் வரிசை வந்துவிடும். சிக்னல் பலத்தை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை சட்டென்று குழம்பிப்போகும். 2014-ல் வந்த டேகோராம் என்ற ஆய்வு, கடையில் கிடைக்கும் ரீடர்களையே வைத்துக்கொண்டு கட்டத்தின் வழியாக நகரும் டேக்கை மிகத் துல்லியமாகத் தொடர்ந்து காட்டியது. சீன விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிகளை வைத்தும் அதைச் சோதித்தார்கள்.

வாசல் கன்வேயரைவிடக் கடினம். ஃபோர்க்லிஃப்ட் மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள், நொடிக்கு 2.5 மீட்டர். இரண்டு வாசிப்புக்கு நடுவே கட்டம் அரைச் சுற்றுக்குமேல் போய்விட்டால், முன்னே போனதா பின்னே வந்ததா என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு 8.6 செ.மீ.க்கும் ஒரு வாசிப்பு வேண்டும். நொடிக்கு ஒரு டேக்குக்குச் சுமார் 29. பேலட்டில் 40 பெட்டி இருந்தால் நொடிக்கு 1,160. களத்தில் ஒரு ரீடர் தருவது நொடிக்குச் சில நூறுதான்.

இதற்கு வழி இருக்கிறது. ஒரே பேலட்டில் இருக்கும் நாற்பது பெட்டியும் சேர்ந்துதான் நகர்கின்றன, எல்லாவற்றையும் துரத்த வேண்டியதில்லை. முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துப் பட்டியல் எடுத்துக்கொள்கிறேன். பிறகு, குறிப்பிட்ட டேக்குகளை மட்டும் பேசச் சொல்லும் செலக்ட் கட்டளையால் ஐந்தாறு பெட்டிகளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ரீடரின் அமைப்பில் செஷனையும் கவனிக்க வேண்டும். ஒருமுறை பதில் சொன்னதை டேக் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதை முடிவு செய்வது அது, எஸ்0 முதல் எஸ்3 வரை உண்டு. எஸ்2, எஸ்3-ல் விட்டால் ஒருமுறை பதில் சொன்ன டேக் மௌனமாகிவிடும். இருப்பு எண்ணுவதற்கு அது அருமை, நகர்வைத் தொடர்வதற்கு உதவாது. எஸ்0 வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் சேனல் மாறும்போது கட்டம் குதிக்கும், அதனால் ஒவ்வொரு சேனலுக்கும் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். சில ரீடர்கள் கட்டத்தை 180 டிகிரி சந்தேகத்தோடு தருகின்றன. அவற்றில் தேவையான வாசிப்பு இரட்டிப்பாகும்.

இவ்வளவு பாடுபட்டால் என்ன தெரியும்? ஓரத்தில் நிற்கும் பேலட்டின் கோடு, ஃபோர்க்லிஃப்ட் கடக்கும்போது நடுங்கிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடும். லாரிக்குள் போகும் பேலட்டின் கோடு ஒரே திசையில் பல சுற்று ஓடும். பாதி தூரம் போய்த் திரும்பி வந்ததும் தெரியும். அந்த லோடுமேன் சொன்னது உண்மையா என்று இந்தக் கோட்டைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். அவருடைய கூலியைப் பிடிப்பதற்கு முன் இதைப் பார்க்காமல் இருப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். புதிதாக எங்கே வேலை எடுத்தாலும், கட்டத்தைச் சேமிக்காமல் ‘ஏற்றியாயிற்று’ என்று பதிவு போடும் அமைப்புக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.

உங்கள் கிடங்கிலும் ரீடர் இருந்தால் அதன் அமைப்பைத் திறந்து பாருங்கள். பல மாடல்களில் கட்டத்தை அனுப்பும் வசதி இருந்தும் அணைத்தே வைத்திருப்பார்கள். அதைப் போட்டுவிட்டு, ஒரு டேக்கைக் கையில் பிடித்து ஆன்டெனாவை நோக்கி மெதுவாக நடந்து பாருங்கள். கிட்டே வந்தால் எண் கூடுகிறதா குறைகிறதா என்பது ரீடருக்கு ரீடர் மாறும், அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்பதனக் கிடங்கில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் உங்கள் வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள். ஈரமான அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறேன்.