ரிப்போர்ட் ‘நார்மல்’தான், ஆனால் அது வேற லைபேஸ்

பையனுக்கு ஒன்பது வயது, ஒல்லி உடம்பு. ஆனால் ஸ்கேனில் கல்லீரல் பெரிதாகிக் கொழுப்பு படிந்திருக்கிறது. கல்லீரல் பாதிப்பைக் காட்டுகிற எஸ்ஜிபிடி இறங்கவே மாட்டேன் என்கிறது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஏகத்துக்கு அதிகம், ஹெச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு குறைவு. எல்லாவற்றையும் பார்த்த டாக்டர், “சொந்தத்துல கல்யாணமா?” என்றார். ஆமாம், அத்தை மகன். லைசோசோமல் ஆசிட் லைபேஸ் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

லேப் கவுன்டரில்தான் வினை. கம்ப்யூட்டரில் இருந்தது வெறும் ‘லைபேஸ்’. “தம்பி, சீட்டுல முன்னாடி இன்னும் ரெண்டு வார்த்தை இருக்கே?” என்று விரல் வைத்துக் காட்டினேன். “எல்லாம் ஒண்ணுதான்க்கா” என்று பில்லைப் போட்டுவிட்டார். சாயங்காலமே ரிப்போர்ட் வந்தது: நார்மல். மாமியார் சந்தோஷத்தில் சாமிக்கு விளக்கேற்றிவிட்டார்.

டாக்டர் அதை ஒரே பார்வையில் ஒதுக்கி வைத்தார். அது கணையத்து லைபேஸ். கணையம் வீங்கினால் ரத்தத்தில் ஏறுவது. எங்களுக்கு வேண்டியது, செல்லுக்குள் லைசோசோம் என்ற சின்னப் பைக்குள் இருந்துகொண்டு கொழுப்பை உடைக்கிற என்சைம். அது குறைந்தால் கொலஸ்ட்ரால் எஸ்டர், ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்புகள் உடையாமல் கல்லீரலில் தேங்கிக்கொண்டே போகும். அந்தக் காகிதத்தை நம்பி வீட்டிலேயே இருந்திருந்தால்? நினைத்தாலே இப்பவும் வயிறு எரிகிறது.

அதனால் சொல்கிறேன்: டெஸ்டின் முழுப் பெயரோடு, எந்த சாம்பிள் என்பதையும் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். எங்களுக்கு வடிதாள் அட்டையில் ரத்தப் பொட்டு. அட்டையில் வட்டம் நிறைந்து பின்பக்கம்வரை ஊற வேண்டும். சொட்டின் மேல் சொட்டு விடக் கூடாது. படுக்கைவாக்கில் வைத்து, வெயில் படாமல் சில மணி நேரம் காயவிட வேண்டும். வேறொரு லேபில் எடுத்த பெண், ஈரம் மினுமினுக்கும்போதே கவருக்குள் போடப் போனார். “காயட்டும்மா, நான் இருக்கேன்” என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். முகம் சுளித்தாலும் கேட்டார்.

ரிசல்ட் வந்தது. என்சைம் மிகக் குறைவு. அடுத்து, அந்த என்சைமுக்கான லிபா ஜீன் டெஸ்ட். அதற்கு ரத்தம் கொடுத்தாயிற்று. குறைகிற என்சைமுக்குப் பதிலாகக் கொடுக்கிற செபெலிபேஸ் ஆல்ஃபா என்ற மருந்து 2015லேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றிருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றுவது. விலை எங்கள் கைக்கு எட்டாது. யாரிடம் உதவி கேட்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் என்ன நோய் என்றே தெரியாமல் எண்ணெயைக் குறை, நெய்யைக் குறை என்று பிள்ளையை வதைத்தது நின்றது. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

பெற்றோர் இருவரும் பழுதான ஜீனைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பாம். சின்னவளுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அட்டை காயும்வரை அங்கிருந்து நகர மாட்டேன்.