ஓட்டைக்குக் கணக்குச் சொல்லு

வட ஆற்காட்டை 1989ல் ரெண்டாகக் கழட்டினார்கள். மிஞ்சிய வேலூரை 2019ல் மூன்றாகக் கழட்டினார்கள். மாவட்டத்துக்கே இந்தக் கதி என்றால் மோட்டாருக்கும் மெஷினுக்கும் கேட்கவா வேண்டும்? எல்லாம் காயலான் கடையில் மலையாகக் கிடக்கிறது.

பாய் தராசைக் காலி பண்ணும்வரை காத்திருக்கும் நேரத்தில் அங்கே ஓர் ஆட்டம் நடக்கும். லேத் மேஸ்திரி குவியலிலிருந்து எதையாவது உருவிப் போடுவார். பட்டறைப் பையன் அதற்குப் பேரும் வேலையும் சொல்ல வேண்டும். நிஜப் பேரைச் சொன்னால் அவுட். பொய்தான் சொல்லணும், ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு ஓட்டைக்கும், மரைக்கும், தேய்ந்து பளபளக்கிற இடத்துக்கும் அந்தப் பொய் கணக்குச் சொல்லியாகணும். வாய் மட்டும் இருந்தால் இந்த ஆட்டத்தில் பருப்பு வேகாது.

முதலில் வந்தது, அடியில் சல்லடையும் உள்ளே தோல் மூடியும் வைத்த வார்ப்பிரும்பு.

"கொசு பூராத சொம்பு, மேஸ்திரி."

"சொம்புக்குள்ள இன்னாத்துக்குடா தோலு?"

"உள்ள போன தண்ணி திரும்பி வராம இருக்கறதுக்கு."

பையன் அவுட். அது ஃபுட் வால்வு. அதன் நிஜ வேலையே அதுதான். கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் அடியில் உட்கார்ந்து, மோட்டார் நின்றாலும் குழாயில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தோல் காய்ந்து சுருங்கினாலோ மணல் சிக்கினாலோ தண்ணீர் இறங்கிவிடும். மறுநாள் மோட்டார் வெறும் காற்றை அரைக்கும். அப்போது மேலேயிருந்து தண்ணீர் ஊற்றி நிரப்புவார்கள். நிற்கவில்லையா, சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். நார் போய் இடுக்கை அடைத்துக்கொள்ளும். மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற பம்பு கணக்குப்படி 10.3 மீட்டர் இழுக்கலாம். நடைமுறையில் 7 மீட்டரே பெரும்பாடு. தண்ணீர் அதற்கும் கீழே போனதும் போர்வெல் வந்தது, சொம்பு இங்கே வந்தது.

அடுத்தது ஆள் நீளத்துக்கு ஓர் உருளை. மேலெல்லாம் முறுக்கு முறுக்காகக் கத்தி.

"கும்பகர்ணன் முதுகு சொறியற கட்டை."

"சரி. நடுவுலருந்து கத்தி இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி திரும்பிக்கினு கீதே, அது இன்னா?"

"நடு முதுகுல ஆரம்பிச்சா ரெண்டு விலாவுக்கும் ஒரே நேரத்துல போவணும்ல?"

பாஸ். இதைவிட நல்ல பொய் வராது. ஏனென்றால் நிஜமும் கிட்டத்தட்ட அதுவே. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளில் தோலின் உள்பக்கச் சவ்வையும் கொழுப்பையும் சீவுகிற ஃபிளஷிங் மெஷின் உருளை அது. கத்திகள் நடுவிலிருந்து எதிரெதிராகச் சுற்றியிருப்பதால் தோலை இரண்டு பக்கமும் தள்ளி விரிக்கும். எல்லாம் ஒரே பக்கம் சுற்றியிருந்தால் தோல் ஓர் ஓரமாக ஒதுங்கி மடியும். மடிப்பில் கத்தி பட்டால் தோலில் ஓட்டை. மெஷினிலேயே சாணைக் கல் இருக்கும். தீட்டித் தீட்டிக் கத்தி குட்டையானதும் பாயிடம் வந்து சேரும்.

பேரிங்கைப் பிடித்து இழுத்துக் கழற்றுகிற மூன்று கால் புல்லருக்கு 'நண்டு பிடிக்கிற நண்டு' என்று பேர் விழுந்தது. நடு போல்ட் எதுக்கு என்றதற்கு, "நண்டுக்கு வயித்துவலி மேஸ்திரி" என்றான். செல்லாது. ஷாஃப்டில் இறுகிய பேரிங்கைக் கழற்றும்போது கால்கள் உள் வளையத்தைப் பிடிக்கணும். வெளி வளையத்தைப் பிடித்து இழுத்தால் பாரமெல்லாம் குண்டு வழியே போய் வளையத்தில் பள்ளம் விழும். திரும்ப மாட்டினால் கர்ர்ரென்று கத்தும். போல்ட் நுனிக்குக் கிரீஸ் வைத்துக் கால் சுற்று, கால் சுற்றாகத்தான் இறுக்கணும். அவசரப்பட்டால் ஒரு கால் வழுக்கி, கழன்று வருவது உங்கள் விரல் நகம்.

கழன்ற பேரிங்கில் 6204 என்றிருந்தது. "வண்டி நம்பரு" என்றான் பையன். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள் துளை: 20 மில்லிமீட்டர். 04க்குக் கீழே இந்தக் கணக்கு எடுபடாது. 03 என்றால் 17.

ஃபீலர் கேஜுக்கு அவன் வைத்த பேர்தான் அன்றைக்கு உச்சம். விசிறியாக விரியும் தகடுகள், ஒவ்வொன்றிலும் 0.05, 0.10 என்று எண். "மாமியாருக்கும் மருமவளுக்கும் நடுவுல எவ்ளோ எடம் உடணும்னு அளக்கறது." இன்ஜின் வால்வுக்கும் அதைத் தள்ளுகிற டாப்பெட்டுக்கும் நடுவே இடைவெளி பார்க்கிறதும் அதே சூட்சுமம்: தகடு லேசாக உரசிக்கொண்டு நகரணும். இடித்தாலும் தப்பு, தளர்ந்தாலும் தப்பு.

கடைசியாகப் பையனின் முறை. ஒரு பக்கம் ஸ்பிரிங், மறுபக்கம் கோணலாக ஒரு துளை, நடுவில் எதையும் அசைக்காத ஒரு நெம்புகோல். மேஸ்திரி திருப்பிப் பார்த்தார், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தார், மரையில் விரல் விட்டுப் பார்த்தார். நிஜமும் வரவில்லை, பொய்யும் வரவில்லை.

அதுவரை வாய் திறக்காத பாய் அதை வாங்கித் தராசில் போட்டார்.

"இதுக்குப் பேரு ஒண்ணேகால் கிலோ."