இருநூறு வெள்ளி கிட்டாரும் நாலாயிரம் வெள்ளி கிட்டாரும்: அளந்து, வாசித்துப் பார்த்தது

நவம்பர்

சிங்கப்பூரில் என் வீட்டில் இப்போது இரண்டு கிட்டார்கள் இருக்கின்றன. ஒன்று அக்கா மகள் பழகுவதற்காக வாங்கிய இருநூறு வெள்ளி கிட்டார். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே சாயல்தான்: ஒட்டுப்பலகையில் செய்த உடல், பிளாஸ்டிக் நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை), பிளாஸ்டிக் சேடில் (உடல்பக்கம் தாங்கும் பட்டை). மற்றது மார்ட்டின் டி-28. சித்தப்பா மகன் வேலை மாற்றலாகிப் பெர்த் போனபோது என்னிடம் விட்டுச் சென்றது. "பெட்டிக்குள்ளயே போட்டு வச்சிடாதே தம்பி, தினமும் எடுத்து வாசி" என்பது அண்ணனின் ஒரே நிபந்தனை. இன்று புதிதாக வாங்கினால் நாலாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும்.

மார்ட்டின் நிறுவனம் 1833இல் தொடங்கியது. டி-28 அந்தப் பெயரில் 1931 முதல் வருகிறது. மேற்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற இலேசான மரம், விரல்பலகை கருங்காலி. பக்கப்பலகையும் முதுகும் கிழக்கிந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது இப்படிப்பட்ட கிட்டாரை எல்லை தாண்டி விற்பதே பெரும்பாடாக இருந்தது. 2019இல்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

இந்த இருபது மடங்கு விலையில் எவ்வளவு கைக்குப் போகிறது, எவ்வளவு காதுக்குப் போகிறது என்பதுதான் நான் தெரிந்துகொள்ள விரும்பியது. கேள்வி அக்கா மகளிடமிருந்து வந்தது. ஒரு விரலாலேயே ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டிய எஃப் கார்டு பிடிக்க முடியாமல் விரல் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தவள் அண்ணனின் கிட்டாரை மடியில் வைத்துப் பார்த்தாள். "மாமா, இதுல எஃப் தானா வருதே! என் கிட்டாரை மாத்தணுமா?" என்றாள். மாற்று என்று சொல்வதற்கு முன் அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

இரண்டிலும் ஒரே வகைப் புதுக்கம்பி மாட்டினேன், பாஸ்பர் பிரான்ஸ், 12-53 (மிக மெல்லிய கம்பி, மிகத் தடித்த கம்பி இவற்றின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்). கம்பி வேறாக இருந்தால் ஒப்பீட்டுக்கே பொருள் இல்லை. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை எஃகு ஸ்கேலால் அளந்தேன். இந்த இடைவெளியைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். மார்ட்டினில் மிகத் தடித்த ஆறாவது கம்பி 2.4 மி.மீ., மிக மெல்லிய முதல் கம்பி 1.8. மலிவு கிட்டாரில் 3.4, 2.7. விரலுக்கு ஒரு மில்லிமீட்டர் சின்ன விஷயமே இல்லை.

அடுத்து கழுத்தின் வளைவு. முதல் ஃபிரெட்டில் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு, உடலோடு கழுத்து சேரும் பதினான்காவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்திப் பிடித்தால் அந்தக் கம்பியே நேர்கோலாகிவிடும். ஏழாவது ஃபிரெட் அருகே கம்பிக்குக் கீழே எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்பதுதான் வளைவு. மார்ட்டினில் 0.2 மி.மீ., மற்றதில் அரை மில்லிமீட்டர்.

மூன்றாவது அளவைப் பலரும் பார்ப்பதே இல்லை. எஃப் கார்டின் கதையே அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேல் பாருங்கள். முடி நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். மலிவு கிட்டாரில் விசிட்டிங் கார்டே நுழைந்தது. நட்டில் கம்பி உட்காரும் பள்ளத்தை ஆழமாக அறுக்கவில்லை. அளவுக்கு மேல் ஆழமாகிவிட்டால் நட்டையே தூக்கி எறிய வேண்டும் என்பதால் மலிவுக் கிட்டார்களைப் பள்ளம் உயரமாகவே விட்டு அனுப்பிவிடுவது வழக்கம். ஒவ்வொன்றாகக் கையால் அறுத்துச் சரிபார்க்கும் நேரம் இருநூறு வெள்ளிக்குள் அடங்காது. பழகத் தொடங்கும் பிள்ளைகள் முதல் மூன்று ஃபிரெட்டுக்குள்ளேயே வாழ்கிறவர்கள். அவர்கள் கையில்தான் மிகக் கடினமான நட் உள்ள கிட்டார் போய்ச் சேருகிறது. எத்தனை பேர் தங்களுக்குத் திறமை இல்லை என்று நினைத்துக் கிட்டாரை மூலையில் சாத்தியிருப்பார்கள் என்பதை எண்ணினால் வருத்தமாக இருக்கிறது.

சரிசெய்யும் வேலையில் வரிசை முக்கியம். முதலில் கழுத்து. கழுத்துக்குள் ஓடும் எஃகுத் தண்டான டிரஸ் ராடை ஆலன் சாவியால் வலப்பக்கம் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, டியூன் செய்து, மறுபடி அளந்தேன். வளைவு 0.2க்கு வந்தது. அதோடு பன்னிரண்டாவது ஃபிரெட் உயரமும் 3.2க்கு இறங்கியது. வேண்டியது 2.4. இன்னும் 0.8 குறைய வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் நட்டநடுவில் இருப்பதால், அங்கே குறைய வேண்டியதைப் போல இரு மடங்கைச் சேடிலில் தேய்க்க வேண்டும், ஆக 1.6 மி.மீ. சேடிலின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடித் தட்டின்மேல் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தேன். அடிப்பக்கம் தட்டையாக இல்லாவிட்டால் சேடில் அதைத் தாங்கும் பிரிட்ஜ் கட்டையில் சரியாக உட்காராது, ஒலியின் ஒரு பங்கு அங்கேயே செத்துவிடும்.

நட்டை நான் தொடவில்லை. அதற்கு ஒவ்வொரு கம்பியின் கனத்துக்கும் தனி அரம் வேண்டும். சிட்டி ஹால் எம்ஆர்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரைக் கிட்டார்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்த வட்டாரத்தில் ஒரு தொழில்நுட்பரிடம் கொடுத்தேன். நட் பள்ளங்களை அறுத்து, பக்கவாட்டில் கையைக் கீறிக்கொண்டிருந்த ஃபிரெட் முனைகளையும் உருட்டிக் கொடுத்தார். எல்லாம் நூறு வெள்ளிக்குள் முடிந்தது.

திரும்பக் கொண்டுவந்ததும் அக்கா மகள் எஃப் பிடித்தாள். ஆறு கம்பியும் ஒலித்தன. அவள் சொன்னது: "வலிக்கல மாமா." கம்பியை 11-52க்கு மாற்றியதும் இன்னும் இலகுவானது. அவள் கைக்கு இப்போது மார்ட்டினைவிடத் தன் கிட்டாரே எளிது என்கிறாள், அதற்குக் காரணமும் இருக்கிறது. நட்டிலிருந்து சேடில் வரை மலிவு கிட்டாரில் 634 மி.மீ., மார்ட்டினில் 645. ஒரே கம்பி, ஒரே சுருதி என்றாலும் நீளம் குறைந்ததில் இழுவிசை மூன்றரை விழுக்காடு குறைவு. நட் அகலமும் 43 மி.மீ., மார்ட்டினின் 44.5 சின்ன விரல்களுக்கு எட்டாமல் போகிறது.

ஆக, கைக்குப் போகிற பங்கு என்று நான் நினைத்திருந்ததில் பெரும்பகுதி செட்டப், அதாவது இப்படிச் சரிசெய்யும் வேலைதான். நூறு வெள்ளிக்குள் கிடைக்கிற ஒன்று.

சுருதியும் திருந்தியது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்தினால் முன்பு 12 சென்ட் ஏறி நின்றது, இப்போது 4. ஒரு அரைச்சுரம் என்பது 100 சென்ட். கம்பி உயரமாக இருந்தால் அழுத்தும்போது கூடுதலாக இழுபடும், சுருதி ஏறும். உயரம் குறைந்ததும் அதுவும் அடங்கிவிட்டது.

டிசம்பர்

வடகிழக்குப் பருவமழை. சன்னலைத் திறந்து வைத்தால் ஹாலில் ஈரமானி 85க்குக் கீழே இறங்கவே இல்லை. சிங்கப்பூரில் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90ஐத் தாண்டும், மழை இல்லாத நாளில் பிற்பகலில் 60 அளவுக்கு வரும். முழு மரத்தில் செய்த கிட்டார் கேட்பது 45 முதல் 55 வரை. நம் ஊர்க் காற்று அதற்கு எதிரி.

முழு மரப்பலகை ஈரத்தைக் குடித்தால் இழைக்குக் குறுக்கே விரியும். விளிம்புகள் ஒட்டப்பட்டிருப்பதால் விரிய இடமில்லாமல் நடுவில் மேலே எழும்பும். பிரிட்ஜ் அதோடு உயரும், கம்பியும் உயரும். வேண்டுமென்றே மார்ட்டினைக் கொஞ்ச நாள் பெட்டிக்கு வெளியே ஸ்டாண்டில் வைத்து அளந்தேன். ஆறாவது கம்பி 2.4இலிருந்து 2.8க்குப் போனது. ஒலியும் மந்தமானது, ஈரத் துணியைப் போர்த்தியதுபோல. மலிவு கிட்டார் 2.5தான். ஒட்டுப்பலகையில் நடு அடுக்கின் இழை குறுக்கே ஓடுவதால் மரம் இஷ்டப்படி விரிய முடியாது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சன்னல் ஓரத்தில் நிற்கப்போகிற கிட்டாருக்கு இது மெய்யாகவே ஒரு பலம்.

ஈரத்தைவிட மோசமானது ஏற்ற இறக்கம். இரவு முழுக்க ஏர்கான், பகலில் திறந்த சன்னல் என்று அறை 55க்கும் 85க்கும் இடையே ஆடினால் முழு மரம் தினமும் விரிந்து சுருங்கும். மார்ட்டின் இப்போது பெட்டிக்குள் வாழ்கிறது, உள்ளே சின்ன ஈரமானி, சிலிக்கா ஜெல் பைகள். அளவு 60ஐத் தொட்டால் பையை எடுத்துச் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைக்கிறேன். அளவுக்கு மேல் உலர்ந்தாலும் ஆபத்து, மரம் பிளக்கும். ஆகவே ஈரமானி இல்லாமல் சிலிக்கா ஜெல் போடவே வேண்டாம்.

விலை உயர்ந்த கிட்டார் வாங்க நினைப்பவர் இந்த வேலையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். செய்ய மனமில்லை என்றால் அந்தப் பணம் வீண் என்றே சொல்வேன்.

ஜனவரி

மார்ட்டின் உலர்ந்து 2.4க்குத் திரும்பியது. மலிவு கிட்டாரிலும் மறுபடி 12-53 மாட்டினேன். இப்போது இரண்டும் ஒரே உயரம், ஒரே கம்பி. கையின் கணக்கு தீர்ந்ததால் காதின் கணக்கைத் தொடங்கலாம்.

அக்காவை முதுகு காட்டி உட்காரச் சொல்லி மாற்றி மாற்றி வாசித்தேன். மெல்லிய பிக்கால் (மீட்டும் வில்லை) எல்லாக் கம்பியையும் சேர்த்து வேகமாக ஸ்ட்ரம்மிங் செய்தபோது அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோது வேறுபாடு இன்னும் குறுகியது. விரலால் நிதானமாக மீட்டியபோது ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னாள். அவள் சங்கீதம் படித்தவள் இல்லை. "இதுல ஒவ்வொரு கம்பியும் தனியா கேக்குது, அதுல எல்லாம் ஒண்ணா கலந்து வருது" என்றாள். அதைவிடத் தெளிவாக நானும் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பட்டவை மூன்று. ஒன்று, மெதுவாகத் தொட்டாலும் மார்ட்டின் பேசுகிறது, ஓங்கி அடித்தாலும் இன்னும் இடம் வைத்திருக்கிறது. மலிவு கிட்டாரில் ஓர் அளவுக்கு மேல் அடித்தால் சத்தம் கூடுவதில்லை, கரகரப்புதான் கூடுகிறது. இரண்டு, தாழ்ந்த சுருதிக் கம்பிகளின் ஒலியில் இருக்கும் கனம். மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிது: ஒலி நிற்கும் நேரம். ஐந்தாவது கம்பியை வெறுமனே மீட்டிவிட்டுக் காத்திருந்தால் மலிவு கிட்டாரில் ஏழெட்டு விநாடியில் அடங்குகிறது. மார்ட்டினில் பன்னிரண்டைத் தாண்டுகிறது.

நம் பாட்டு வாசிப்பவருக்கு இது வெறும் எண் இல்லை. நான் திரைப்பாட்டு மெட்டுகளை ஒற்றைக் கம்பியில் வாசிக்கிறவன். மோகனத்தில் அமைந்த மெட்டில் பஞ்சமத்திலிருந்து தைவதத்துக்கு விரலை இழுத்துப் போகும்போது, மலிவு கிட்டாரில் போய்ச் சேர்வதற்குள் ஓசை பாதி செத்துவிடுகிறது. மறுபடி மீட்ட வேண்டும், கமகம் அங்கே உடைந்துவிடும். மார்ட்டினில் ஒரே மீட்டலில் போய், கொஞ்சம் அசைத்து, திரும்பியும் வர முடிகிறது. இதை எந்தச் செட்டப்பும் தராது. ஒட்டுப்பலகையின் பசை அடுக்குகளும் குறுக்கு இழையும் அதிர்வைத் தின்றுவிடுகின்றன. முழு ஸ்ப்ரூஸ் இலேசாகவும் இழை வாக்கில் விறைப்பாகவும் இருப்பதால், உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டங்களோடு சேர்ந்து நெடுநேரம் அதிர்கிறது.

இருநூறுக்கும் நாலாயிரத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்க்க மறுபடி கடைகளுக்குப் போனேன். யமஹா எஃப்ஜி800இல் நெடுநேரம் உட்கார்ந்தேன். 2016இல் வந்த மாடல், மேற்பலகை மட்டும் முழு சிட்கா ஸ்ப்ரூஸ், பக்கமும் முதுகும் ஒட்டுப்பலகை, உள்ளே செதுக்கி இலேசாக்கிய சட்டங்கள். விலை முந்நூறு, நானூறு வெள்ளி வட்டம். அதே பஞ்சமம், தைவதம். ஓசை போய்ச் சேர்ந்தது! மார்ட்டினின் கனமும் கம்பிகள் பிரிந்து கேட்கும் தெளிவும் இல்லை, ஆனால் இருநூறு வெள்ளி கிட்டாரிலிருந்து ஏறக்கூடிய மிகப் பெரிய படி இதுதான். அதற்கு மேல் ஆயிரத்துச் சொச்சத்துக்கு முழுவதும் முழு மரத்தில் செய்தவை வருகின்றன, அவையும் அருமை. நாலாயிரத்துக்குப் போகும் கடைசிப் படி உண்மையானது, ஆனால் குட்டையானது. மெதுவாக, தனியாக, விரலால் வாசிப்பவருக்குத்தான் அது கேட்கும். மேடையில் பிளக் மாட்டிக் கும்பலோடு அடிப்பவர் அந்தப் பணத்தை நல்ல பிக்கப்பில் (அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) போடலாம்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே நாள் முழுக்க ஏர்கான் ஓடும், கிட்டார் அந்த உலர்வுக்குப் பழகி ஆக்‌ஷன் அழகாகத் தாழ்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஏறும். அதனால் ஆக்‌ஷனோடு, பிரிட்ஜுக்கு மேல் சேடில் எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதையும் பாருங்கள். மூன்று மில்லிமீட்டராவது இருந்தால் பின்னால் தேய்த்து இறக்க இடம் உண்டு. இப்போதே பிரிட்ஜோடு படுத்திருந்தால் அதை எடுக்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

அக்கா மகளின் கிட்டாரை மாற்றவில்லை. மறுபடி 11-52 போட்டு அவளிடம் கொடுத்தாயிற்று. இழுத்து வாசிக்கும் ஆசை அவளுக்கு வரும்போது எஃப்ஜி800க்கு நானே கூட்டிப் போவேன். அடுத்த வேலை மார்ட்டினுக்கு. மழைக்காலத்துக்கென்று கொஞ்சம் தாழ்வான எலும்பு சேடில் ஒன்று தனியாகச் செய்யப்போகிறேன். இப்போது இருக்கும் சேடிலில் கை வைக்கப்போவதில்லை. அண்ணனிடம் கேட்டேன். "செய், ஆனா அந்தப் பழசைப் பத்திரமா எடுத்து வை" என்றார்.