இருநூற்று முப்பது ரூபாய் வேலைக்கு இருபத்தாறு நாள்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டியவர்களுக்குத் தெரியும், வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். வலங்கைமான் பக்கத்திலிருந்து மன்னார்குடிக்கு வேலைக்குப் போகிற எனக்கு அது தினப்படி. அன்றைக்கு டீக்கு இறங்கவில்லை. பக்கத்தில் பைக்கில் நின்றவர் கண்ணாடியைத் தட்டினார். "சார், ஆக்சிலேட்டர்ல கால் வச்சிருக்கீங்க போல, வண்டி அலறுது." குனிந்து பார்த்தேன். கால் தரையில் இருந்தது. என்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரில் முள் 1800-இல் நின்றது.

2022 பொங்கலுக்கு நாலு நாள் முந்திய கதை இது. சரியானது தை கடைசியில். நடுவில் போன காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கார் 2014 மாடல், பெட்ரோல், ஆக்சிலேட்டருக்குக் கேபிள் வைத்த பழைய ரகம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1400, 1500 காட்டும். சூடு ஏற ஏறத் தானே இறங்கி 800-இல் உட்காரும். அது சரிதான், எல்லா வண்டியும் அப்படித்தான். சூடான பிறகும் இறங்காமல் அடம்பிடித்தால்தான் கோளாறு. என் வண்டியில் 1800-க்கு ஏறும், சட்டென்று 1200-க்கு விழும், மறுபடி ஏறும். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிற மாதிரி. இரண்டாவது கியரில் காலை எடுத்தாலும் தானே ஓடும். கும்பகோணம் கடைத்தெருவில் அதைப் பிரேக்கிலேயே பிடித்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், தெரியும். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியிருந்த நேரம் வேறு. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 12-க்கு இறங்கிவிட்டது.

முதலில் போனது கும்பகோணத்தில் ஒரு பட்டறை. பேர் வேண்டாம். பானெட்டைத் திறந்தவர் இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "த்ராட்டில் பாடில கார்பன் சார், கிளீன் பண்ணா சரியாயிடும்." 850 ரூபாய். சாயங்காலம் எடுக்கப் போனபோது 1300 காட்டியது. "ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்" என்றார். என்ஜினுக்குக் காற்று போகும் வாயிலில் (அதுதான் த்ராட்டில் பாடி) கார்பன் பிடித்திருந்தது உண்மைதான், துணியில் கறுப்பைக் காட்டினார். ஆனால் முள் எப்படி 1300-க்கு இறங்கியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டு நாளில் செட் ஆகவில்லை. காலைப் பனியில் ஸ்டார்ட் ஆகவே முக்கியது, சூடானதும் மறுபடி 1500.

பொங்கலுக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுகிற, போனோடு ப்ளூடூத்தில் பேசும் சின்ன ஸ்கேனர் ஒன்று வைத்திருந்தான். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி 2 (வண்டிக் கம்ப்யூட்டர் சொல்வதை வெளியே படிக்கிற ஏற்பாடு) இருப்பதால் இது வேலை செய்யும். எரர் கோடு எதுவும் வரவில்லை. நான் உடனே சோர்ந்துவிட்டேன். அவன் விடவில்லை. என்ஜின் ஓடும்போதே எண்களைப் பார்த்தான். கூலன்ட் (என்ஜினை ஆற்றும் தண்ணீர்) சூடு 89 டிகிரி. ஆக, அதை அளக்கிற சென்சார் பொய் சொல்லவில்லை. அது கெட்டுப்போய் 'என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், கம்ப்யூட்டர் வேகத்தைக் குறைக்காது, பெட்ரோலையும் கூட ஊற்றும். அடுத்து மேனிஃபோல்டு, அதாவது த்ராட்டிலைத் தாண்டிக் காற்று சிலிண்டர்களுக்குப் பிரிந்து போகும் குழாய், அதன் உள்ளே இருக்கும் அழுத்தம். சும்மா நிற்கும்போது 30, 35 கிலோபாஸ்கல் அளவில் இருக்க வேண்டியது 48-இல் நின்றது.

"மாமா, த்ராட்டில் மூடித்தான் இருக்கு. ஆனா எங்கேயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போவுது."

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காலை எடுத்தால் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். வண்டி சும்மா நின்று ஓட (அதுதான் ஐடில்) வேண்டிய காற்றை ஐஏசி வால்வு ஒரு பக்கவழியில் அளந்து விடும். தகட்டுக்கு அப்புறம் எங்காவது ஓட்டை விழுந்தால் அந்த வழியாகவும் காற்று போகும். என்னுடையதைப் போல அழுத்தம் பார்க்கிற சென்சார் வைத்த வண்டியில், காற்று கூடிவிட்டது என்று கணக்குப் போட்டு அதற்குத் தக்கபடி பெட்ரோலும் விழும். வேகம் ஏறும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கு, ஆகவே பல நேரம் எச்சரிக்கை விளக்கு எரியாது.

இதை அப்படியே இரண்டாவது மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். "செல்போன்ல காட்டுறதை எல்லாம் நம்பாதீங்க சார்" என்று ஒரே போடாகப் போட்டார். ஐஏசி வால்வு போய்விட்டதாம். பழசைக் கழற்றிப் பார்க்கவில்லை, மீட்டர் வைக்கவில்லை, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "திருச்சில கிடைக்கும், நீங்களே வாங்கிட்டு வந்தா உங்களுக்குக் கமிஷன் மிச்சம்."

கமிஷன் மிச்சம் பிடிக்க ஒரு நாள் லீவு போட்டு, பஸ்ஸில் தஞ்சாவூர், அங்கிருந்து திருச்சி. கடையில் வண்டி மாடலைச் சொன்னேன், பெட்டியை எடுத்து வைத்தார்கள், 2,950 ரூபாய். ராத்திரி வீடு திரும்பினேன். மறுநாள் மெக்கானிக் பழைய வால்வின் சாக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தார். வண்டியில் ஆறு பின். நான் வாங்கி வந்ததில் நாலு பின். கடைக்குப் போன் போட்டால், "எலெக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாதுங்க, பில்லுலயே போட்டிருக்கு." பில்லைத் திருப்பிப் பார்த்தேன். போட்டிருந்தது.

நீங்கள் சாமான் வாங்கப் போவதாக இருந்தால் மாடல் பேர் மட்டும் போதாது. ஆர்சி நகலும், கழற்றிய பழைய சாமானும் கையில் இருக்க வேண்டும். கழற்றாமலே "போயிடுச்சு" என்று சொல்பவரிடம் முதலில் கழற்றச் சொல்லுங்கள்.

இன்னொரு தரம் திருச்சிக்குப் போகச் சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பெரியப்பா திண்ணையில் இருந்தார். ஆரம்பத்திலிருந்தே அவருக்கு ஒரே பேச்சு. "வைக்கப்போருக்குப் பக்கத்துல நிறுத்தாதடா, எலி ஏறும்." சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் வயலில் இருக்கும் எலி எல்லாம் கொட்டகைக்கு வரும், எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எலி ஒயரைக் கடிக்கும், கடித்தால் விளக்கு எரியும், விளக்கு எரியவில்லையே என்பது என் வாதம். ரப்பரையும் கடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மன்னார்குடியில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை. வயதானவர், ஒரு பையன்தான் கூட. இங்கே கூட்டிப்போனது ஆபீஸில் ஒரு நண்பர். நான் கதையை முழுக்கச் சொல்லி முடிக்கும் வரை கேட்டார், அதுவே பாதி ஆறுதல். "துண்டைக் கழட்டி வச்சிட்டுக் கிட்ட வாங்க சார், ஃபேன் பெல்ட் ஓடுது" என்றார். பிறகு மூன்றடி நீள ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை என்ஜின் மேல் மெதுவாக நகர்த்தினார். டாக்டர் மாதிரி. பிரேக் பூஸ்டர் ஹோஸ், ஒன்றுமில்லை. (அதில் ஓட்டை என்றால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகியிருக்கும் என்றார்.) த்ராட்டில் பாடி கேஸ்கட், ஒன்றுமில்லை. மேனிஃபோல்டுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில் குழாயை விட்டவர் நிறுத்தினார். என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன். ஸ்ஸ்ஸ் என்று, குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அதே சத்தம்.

சில பேர் கார்ப் கிளீனரை அடித்துப் பார்ப்பார்கள், வேகம் மாறினால் அங்கே ஓட்டை என்று. சூடான சைலன்சர் பக்கம் அது தீப்பிடிக்கும், நான் அடிக்க மாட்டேன் என்றார்.

என்ஜின் அணைத்து ஆறிய பிறகு பையன் விரலை விட்டு எடுத்தான். முதலில் வந்தது வைக்கோல். அப்புறம் நெல் உமி. அப்புறம், என்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை வெளியே விடும் பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸ், அதன் அடிப்பக்கத்தில் நிலக்கடலை அளவுக்கு ஓட்டை, ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல் தடம். மேலிருந்து பார்த்தால் ஹோஸ் முழுசாகத் தெரியும்.

பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது.

அதோடு முடியவில்லை. புது ஹோஸைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் என்ஜின் இரண்டு தரம் உதறிவிட்டு அணைந்துபோனது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி அணைந்தது. எனக்குக் கண் இருட்டியது. பெரியவர் டார்ச் அடித்து த்ராட்டில் பாடியின் ஓரத்தைப் பார்த்துவிட்டு, "இதுல யாரு கை வச்சது?" என்றார். தகடு எவ்வளவு மூட வேண்டும் என்று கம்பெனியிலேயே வைத்து, மஞ்சள் பெயின்ட் தொட்டு அனுப்புகிற ஸ்குரு. பெயின்ட் உடைந்து, கோடு கோணலாக இருந்தது. அந்த 1300-இன் ரகசியம் இதுதான். முதல் ஆள் ஓட்டையைத் தேடாமல், தகட்டை இறுக்கமாக மூட விட்டு முள்ளை இறக்கியிருக்கிறார். ஓட்டை வழியாக வந்த காற்றில்தான் வண்டி இத்தனை நாள் ஓடியிருக்கிறது. ஓட்டையை அடைத்ததும் மூச்சு நின்றுவிட்டது.

பெயின்ட் கோட்டோடு கோடு சேர்த்து ஸ்குருவைத் திருப்பினார். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிக் கால் மணி நேரம் விட்டு மாட்டினார், கம்ப்யூட்டர் பழைய கணக்கை மறக்க. ஏசி, லைட் எதுவும் போடாமல், ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விடச் சொன்னார். முள் 1500, 1200, 1000, 850 என்று இறங்கி 800-இல் நின்றது. அசையவில்லை. பையன் கைதட்டினான்.

ஹோஸும் கிளாம்பும் 130, கூலி 100. கூட வைத்துக்கொள்ளுங்கள் என்றால் வாங்கவில்லை. ஹோஸ் விஷயத்தில் ஒன்று: தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூபை வெட்டி மாட்டிவிடாதீர்கள். எண்ணெய் ஆவியும் சூடும் பட்டு இளகி, உறிஞ்சும்போது சப்பையாகிவிடும். எண்ணெய் தாங்குகிற ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது வண்டி வைக்கோல் போருக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. வேதாரண்யம் புகையிலையை எங்கள் தெருக்காரர் சொன்னபடி என்ஜின் பக்கம் கட்டிப் பார்த்தேன். எலிக்கு என்ன ஆனதோ, ஏசி போட்டால் வண்டி முழுக்க வெற்றிலைப் பெட்டி வாசம், வீட்டில் ஏற மறுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டேன். பெரியப்பா வயலுக்குக் கிட்டி (எலிப்பொறி) வைக்க வந்தவரை அழைத்து, கொட்டகை ஓரத்திலும் நாலு மூங்கில் கிட்டி வைக்கச் சொன்னார். மறுநாள் காலை மூன்று கிட்டியில் எலி விழுந்திருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, கிட்டியோடு தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

நாலு பின் வால்வு அட்டைப்பெட்டி பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. யார் வண்டிக்காவது பொருந்தினால் பாதி விலைக்குத் தருகிறேன், ஆர்சி நகலோடு வாருங்கள்.