குடல் படங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்

எனக்குக் கிடைத்த முதல் கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கையில் ஒரே வரிதான்: பெருங்குடலில் அழற்சி. எந்தப் பகுதியில், எவ்வளவு கடுமையாக, எதுவரை என்று ஒன்றும் இல்லை. படமும் இல்லை. அழற்சியைக் குறைக்கும் மெசலசின் குளிசை தொடங்கி மாதக்கணக்கில் போன பிறகு வேறு வைத்தியரிடம் காட்டினேன். "குறைஞ்சிருக்கோ எண்டு நான் எதோடை ஒப்பிட்டுப் பாக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பரிசோதனையை மறுபடி செய்யவேண்டி வந்தது.

அதற்குப் புதுக்குடியிருப்பில் இருந்து பரந்தன் சந்தி வந்து யாழ்ப்பாணம் போகவேண்டும். குடலைச் சுத்தமாக்கும் பேதி மருந்தைக் குடித்துவிட்டு அந்தப் பஸ் பயணம் சரிவராது. வன்னியில் இருந்து போகிறவர்கள் முதல்நாளே நகரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். நான் சித்தி வீட்டில் நின்றேன். அதற்கு முந்திய சில நாள்கள் கீரை, குரக்கன், சிவப்பரிசி, விதையுள்ள காய்கள் எல்லாம் நிறுத்தம். முதல்நாள் பால் விடாத தேத்தண்ணியும் இளநீரும். சிவப்பு நிறக் குடிபானம் கூடாது, உள்ளே இரத்தம் போலத் தெரியும். மருந்தின் கடைசிப் பங்கை விடியப்புறத்தில் குடிப்பதுதான் பெரும்பாடு. ஆனாலும் முழுவதும் குடியுங்கள். கழிவு ஒட்டியிருந்தால் அடியில் இருக்கும் புண் படத்தில் விழாது.

"இடப்பக்கம் சரிஞ்சு படுங்கோ அக்கா" என்றார் தாதி. அரைமயக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதும் குடல்வாலின் வாயைப் படம் எடுத்தார்கள்; கடைசிவரை போனதற்கு அதுதான் அத்தாட்சி. திரும்பி வரும்போது ஒவ்வொரு பகுதியிலும் ஒரு படம். ஏறுகுடலின் இளஞ்சிவப்புச் சுவரில் இரத்த நாளங்கள் இலை நரம்புபோல அவ்வளவு தெளிவு. இறங்குகுடலின் நடுவில் இருந்து அந்த நாளங்களே தெரியவில்லை. சுவர் செக்கச்செவேலென்று இருந்தது, கருவி பட்ட இடத்தில் இரத்தம் கசிந்தது. மலக்குடல் வரை இடைவெளி இல்லாமல் அப்படியே. குடல் அழற்சியின் இன்னொரு வகையான குரோன் நோய் என்றால் பெரும்பாலும் விட்டுவிட்டு இருக்குமாம். இது புண்ணுடன் கூடிய பெருங்குடல் அழற்சி. நன்றாகத் தெரிந்த இடங்களிலும் பயொப்சி (சோதிக்கச் சிறு சதைத்துண்டு) எடுத்தார்கள், கண்ணுக்குத் தெரியாத அழற்சி நுணுக்குக்காட்டியில் தெரியலாம் என்பதால்.

அழற்சியின் கடுமையைக் காட்டும் மேயோ அளவில் 2 என்று எழுதியிருந்தது. 0 என்றால் அழற்சி இல்லை, 3 என்றால் புண்ணும் தானாக இரத்தம் கசிவதும். குளிசையோடு எனிமாவும் (ஆசனவாய் வழியே விடும் மருந்து) சேர்த்துத் தந்தார்கள். அடுத்தமுறை பழைய படத்தையும் புதியதையும் வைத்தியர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இறங்குகுடலில் நாளங்கள் திரும்பத் தெரிந்தன! மலக்குடலில் மட்டும் இன்னும் சிவப்பு, அளவு 1. எனக்கோ இரத்தம் போவது எப்போதோ நின்றிருந்தது. உடம்புச் சுகத்தை மட்டும் நம்பியிருந்தால் எனிமாவை நிறுத்தியிருப்போம். படத்தைப் பார்த்துத்தான் தொடரச் சொன்னார்.

பரிசோதனைக்கு முன்பே வைத்தியரிடம் படங்கள் வேண்டும் என்று சொல்லுங்கள். கையில் கிடைத்ததும் ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர், திகதி, குடலின் எந்தப் பகுதி என்பவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பிரதி கிளினிக் கொப்பியோடு இருக்கட்டும், இன்னொன்றைப் போனில் எடுத்து வையுங்கள்.